பாட்டு உங்களுது, காசு யாருது? சென்னிகுளம் காவடிச்சிந்து முதல் உங்க பெட்ரூம் ஆல்பம் வரை ஒரு கணக்கு



பங்குனி உத்திரத்துக்கோ தைப்பூசத்துக்கோ காவடி போறதைப் பார்த்திருப்பீங்க. திடீர்னு மேளம் ஒரு துள்ளலுக்கு மாறும். காவடி எடுத்தவர் கால் தன்னால ஆட ஆரம்பிக்கும். அந்த மெட்டுதான் காவடிச்சிந்து. கச்சேரி மேடை, பரதநாட்டிய அரங்கேற்றம், சினிமா, ஊர்த் திருவிழா என்று அது போகாத இடம் இல்லை.

ஜனங்க பாடிக்கிட்டிருந்த அந்த மெட்டை எடுத்து, இலக்கியத்துல அதுக்கு ஒரு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தவர் நம்ம தென்காசி மாவட்டத்துக்காரர். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். பிறந்தது 1865, இறந்தது 1891. அதாவது 26 வயசு. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேரோட வயசு.

நம்ம சேனல் மியூசிக் சேனல் இல்லை, பணத்தைப் பத்திப் பேசுற சேனல். அதனால என் கேள்வி இதுதான்: இத்தனை வருஷமா ஓடுற ஒரு பாட்டு, எழுதினவருக்கு என்ன கொடுத்தது? அதைவிட முக்கியமா, இன்னைக்கு வேலை பார்த்துக்கிட்டே ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டு ரூம்ல நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்ட் பண்ற ஒருத்தருக்கு அது என்ன கொடுக்கணும்?

இதுக்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். தென்காசி மாவட்டத்துக்குள்ளேயே மூணு பேர் மூணு விதமா வாழ்ந்து காட்டியிருக்காங்க.

மாடல் 1: சென்னிகுளம். ஜமீன் தாங்கிப் பிடிச்ச பாட்டு

சென்னிகுளம் சங்கரன்கோவில் பக்கத்துல இருக்கிற ஊர். அப்போ திருநெல்வேலிச் சீமை. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுல இருந்து நம்ம மாவட்டம்.

அண்ணாமலை ரெட்டியார் சின்ன வயசுலயே கவி பாட ஆரம்பிச்சவர். ஆனா திறமை இருக்குன்னு அதோட நிக்கலை. திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய்ப் பாடம் கேட்டார். அங்கே அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள்ல ஒருத்தர் உ.வே. சாமிநாதையர். ஆதீனத்தோட தலைவராக இருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவுல இருக்கிற ஊர். அந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

அதுக்கப்புறம் ஊத்துமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரைத் தன் அவைப் புலவரா வச்சுக்கிட்டார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போறப்ப வழிநடையா பாடறதுக்காகப் பிறந்ததுதான் காவடிச்சிந்து.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. காவடிப் பாட்டு அவருக்கு முன்னாடியே ஜனங்ககிட்ட இருந்தது. அவர் அந்த நடையையும் தாளத்தையும் அப்படியே எடுத்துக்கிட்டார். அதுமேல ஆதீனத்துல படிச்ச எதுகை, மோனை, சந்தம் எல்லாத்தையும் இறக்கினார். படிக்காதவரும் ஆடலாம், புலவரும் ரசிக்கலாம். கேட்கிற கூட்டமும் கண் முன்னாடியே நடந்து வந்துக்கிட்டிருந்தது. வெயில்ல நடக்கிறவங்களுக்குக் கால் சோராம இருக்க ஒரு பாட்டு வேணும், அவர்கிட்ட அது இருந்தது.

இதைப் பணக் கண்ணோட பார்த்தா, புலவருக்குச் செலவு இல்லை, ரிஸ்க் இல்லை. சாப்பாடு, மரியாதை, எழுத நேரம் எல்லாம் ஜமீன் பொறுப்பு. ஆனா ஒரே ஒரு கிளையன்ட். அந்த ஆதரவு புலவர் இருக்கிற வரைக்கும்தான். அவருக்கு அப்புறம் அந்தப் பாட்டு ஊர் ஊரா போய்ச் சம்பாதிக்கிறதுல குடும்பத்துக்குப் பங்கு வர்ற ஏற்பாடே அன்னைக்கு இங்கே கிடையாது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். இன்னைக்கு இருக்கிற காப்புரிமைச் சட்டப்படி, எழுதினவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம் உரிமை வாரிசுகளுக்கு ஓடும். 1891-ல இறந்தவருக்கு 1892-ல ஆரம்பிச்சு 1951 டிசம்பர் வரைக்கும். கிராமபோன் வந்து, ரேடியோ வந்து, பேசும்படம் வந்து, தமிழ்ப் பாட்டு முதல் தடவையா பெரிய பிசினஸ் ஆன காலம் முழுக்க இந்த 60 வருஷத்துக்குள்ள அடங்கிடுது. 26 வயசுல போயிட்ட ஒருத்தரோட குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய இன்ஷூரன்ஸா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

மாடல் 2: குற்றாலம். பாட்டுக்கு நிலம்

இப்போ மேலகரத்துக்கு வருவோம். திருக்குற்றாலக் குறவஞ்சி எழுதின திரிகூடராசப்பக் கவிராயர் இந்த ஊர்க்காரர். 18-ஆம் நூற்றாண்டோட ஆரம்பம். குற்றாலநாதரைப் பாட்டுடைத் தலைவரா வச்சு, மலைக்குறத்தி ஒருத்தி குறி சொல்ற மாதிரி ஒரு நாடகம். பாட்டு, ஆட்டம், நக்கல் எல்லாம் கலந்தது. ஜனங்களோட மெட்டுல புலவர் எழுதின இன்னொரு சூப்பர் ஹிட்.

இதுக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த பரிசு, நிலம். அந்த இடத்துக்குப் பேரே குறவஞ்சிமேடு.

முதல் மாடலுக்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம் நம்ம வாசகர்களுக்கு உடனே புரியும். முன்னது ஆதரவாளர் இருக்கிற வரைக்கும் வர்ற மாச வருமானம் மாதிரி. இது வருமானம் தர்ற சொத்து. நிலம் வருஷா வருஷம் விளையும், அடுத்த தலைமுறைக்குப் போகும். ஒரு படைப்பை வருமானம் தர்ற சொத்தா மாத்தணும்ங்கிற யோசனை நமக்கு வெளிநாட்டுல இருந்து வரலை, குற்றாலத்துலயே இருந்திருக்கு.

மாடல் 3: கடையம். கடன் வாங்கி வெளியிடலாம்னு நினைச்ச பாரதி

மூணாவது ஆள் பாரதியார். மனைவி செல்லம்மாளோட ஊர் கடையம், இதுவும் இப்போ தென்காசி மாவட்டம். 1918 கடைசியில சிறையிலிருந்து விடுதலையாகி இங்கே வந்தவர், 1920 வரைக்கும் இருந்தார்.

பாரதியும் சிந்து மெட்டுகளை நிறைய எடுத்தாண்டவர், சொந்தமா மெட்டுக் கட்டிப் பாடினவர். அவர் பாட்டு ஜனங்ககிட்டப் போன முதல் கதையே சுவாரஸ்யம். 1907-ல வி. கிருஷ்ணசாமி ஐயர் தன் செலவுல மூணு பாட்டை 15,000 பிரதி அச்சடிச்சு இலவசமா கொடுத்தார். அடுத்த வருஷமே, 1908-ல, 'ஸ்வதேச கீதங்கள்' புத்தகமா வந்தது.

1920-ல அவர்கிட்ட ஒரு பெரிய பிசினஸ் பிளான் இருந்தது. தன்னோட எழுத்தை 40 புத்தகமா பிரிச்சு, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி. ஆரம்பச் செலவு 20,000 ரூபாய். இதுக்காக நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கடனா கொடுங்க, புரோநோட் எழுதித் தர்றேன், மாசம் 2 சதவீதம் வட்டி தர்றேன்னு கேட்டார்.

ஆடிட்டரா இதைப் படிக்கும்போது மனசு கஷ்டமா இருக்கும். மாசம் 2 சதவீதம்னா வருஷத்துக்கு 24. அவர் நம்பிக்கை நிஜமாவே நியாயமான நம்பிக்கை. அவர் எழுத்து 4 லட்சம் பிரதி என்ன, கோடிக்கணக்குல போச்சு. ஆனா அது நடக்க எடுத்துக்கிட்ட காலம் வேற, அந்த வட்டி ஓடுற காலம் வேற. பணம் திரளலை. 1921 செப்டம்பர்ல அவர் இறந்தே போயிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் பாடம். அவர் பாட்டை ஒலிப்பதிவு செய்யற உரிமை தனியா பிரிஞ்சு, ஒரு வியாபாரி கைக்குப் போய், அவர்கிட்ட இருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் கைக்கு வந்தது. 1947-ல 'நாம் இருவர்' படத்துல பாரதி பாட்டு ஒலிச்சது. அது இன்னொருத்தருக்குச் சொந்தமான உரிமையா இருக்கக் கூடாதுன்னு தமிழ் எழுத்தாளர்கள் போராடினாங்க. 1949-ல பாரதி படைப்புகள் அரசுடைமை ஆச்சு. பிறகு எல்லாருக்கும் பொதுவாச்சு.

புத்தக உரிமை ஒருபக்கம், ரெக்கார்டு உரிமை இன்னொரு பக்கம். ஒரே பாட்டு, ரெண்டு சொத்து. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

ஒரு பாட்டுக்குள்ள நாலு சொத்து

உங்க பாட்டை ஒரு வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரே பத்திரம் கிடையாது, நாலு பத்திரம்:

1. வரிகள். எழுதினவருக்குச் சொந்தம். வாழ்நாள் + 60 வருஷம்.
2. மெட்டு. இசையமைச்சவருக்குச் சொந்தம். இதுவும் வாழ்நாள் + 60 வருஷம்.
3. ஒலிப்பதிவு. யார் தயாரிச்சாங்களோ அவங்களுக்குச் சொந்தம். வெளியான பிறகு 60 வருஷம்.
4. பாடினவர், வாசிச்சவர் உரிமை. 50 வருஷம்.

நீங்களே எழுதி, நீங்களே மெட்டுப் போட்டு, உங்க காசுல உங்க வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணி, நீங்களே பாடினா நாலுமே உங்களுது. வீட்டு ஆல்பத்தோட உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கு. ஸ்டுடியோ வாடகை மிச்சம்ங்கிறது சின்ன விஷயம்.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. காலம்காலமா ஊர்ல ஓடுற மெட்டும், அண்ணாமலை ரெட்டியார் வரிகளும் பொதுச்சொத்து. யாரும் பாடலாம். ஆனா பொதுச்சொத்தான பாட்டை வேற ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கிற ஆடியோ பொதுச்சொத்து இல்லை. அதிலிருந்து நாலு செகண்ட் மேளத்தை வெட்டி ஒட்டினாலும் பிரச்சினைதான். மேளம் வேணும்னா ஊர்க் கலைஞரைக் கூப்பிட்டு, காசு கொடுத்து, வாசிக்கச் சொல்லி, எழுத்துல ஒரு ஒப்புதல் வாங்கிக்கோங்க.

வீட்டு ஆல்பம்: பட்ஜெட் போடலாமா?

உலக உதாரணம் ஒண்ணு. அமெரிக்காவுல ஜஸ்டின் வெர்னன்னு ஒரு பாடகர். பேண்ட் உடைஞ்சு, உடம்பும் சரியில்லாம, 2006-07 குளிர்காலத்துல விஸ்கான்சின் காட்டுக்குள்ள இருந்த அப்பாவோட கேபின்ல தனியா போய் உட்கார்ந்து, கையில இருந்த கருவிகளை வச்சே பாட்டுகளைப் பதிவு பண்ணினார். 2007-ல சொந்தமா சுமார் 500 சிடி போட்டார். பான் ஐவர்ங்கிற பேர்ல வந்த அந்த ஆல்பத்தைத்தான் 2008-ல ஒரு லேபிள் எடுத்து வெளியிட்டது. முடிஞ்ச சரக்கோட பேசப் போறவருக்கும் ஐடியாவோட பேசப் போறவருக்கும் பேரம் ஒண்ணா இருக்காது.

இப்போ நம்ம ஊர் கணக்கு. தென்காசியில மாசம் 35,000 சம்பளம் வாங்கற ஒருத்தர், 5 பாட்டு ஆல்பம் பண்றார்னு வச்சுக்குவோம். கீழே இருக்கிறது கணக்குக்காக நான் போட்ட எண்கள். உங்க ஊர் ரேட்டை விசாரிச்சு மாத்திக்கோங்க.

- மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், ஸ்டாண்ட்: ₹30,000
- மிக்ஸிங், மாஸ்டரிங் (பாட்டுக்கு ₹6,000): ₹30,000
- மேளம், நாயனம், உறுமி வாசிக்கறவங்களுக்கு: ₹20,000
- அட்டைப்படம், போஸ்டர்: ₹5,000
- ஸ்ட்ரீமிங் தளங்கள்ல ஏத்தறதுக்கு: ₹3,000
- சில்லறைச் செலவு: ₹2,000

மொத்தம் ₹90,000. லேப்டாப் ஏற்கெனவே இருக்குன்னு வச்சுக்கிட்டேன். ரூமுக்குள்ள எதிரொலி வராம இருக்க பழைய மெத்தை, கம்பளி போதும். குற்றாலம் சீசன்ல, அதாவது ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், தகர ஷீட் வீட்டுல ரெக்கார்டிங் வச்சுக்காதீங்க. உங்க குரலைவிட சாரல்தான் நல்லா பதிவாகும்!

இந்த 90,000-க்கு பாரதி பண்ணின மாதிரி கடன் வாங்காதீங்க. பர்சனல் லோன் வேண்டாம், கிரெடிட் கார்டு இஎம்ஐ வேண்டாம். ஒரு பாட்டு எப்போ ஓடும்னு யாராலும் சொல்ல முடியாது, ஆனா இஎம்ஐ அஞ்சாம் தேதி கரெக்டா வந்துடும். மாசம் 5,000 தனி ஆர்.டி. போட்டா ஒன்றரை வருஷத்துல 90,000 கையில. அந்த ஒன்றரை வருஷத்துல பாட்டு எழுதுங்க, பழகுங்க. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியும் ஹெல்த் இன்ஷூரன்ஸும் இல்லாதவங்க முதல்ல அதை முடிங்க.

அண்ணாமலை ரெட்டியாருக்கு ஊத்துமலை ஜமீன் இருந்தது. உங்களுக்கு உங்க சம்பளம்தான் ஜமீன். அது உங்க பாட்டுல மூக்கை நுழைக்காத ஜமீன்தார், அதை அவசரப்பட்டு விட்டுடாதீங்க.

போட்ட காசு எங்கிருந்து வரும்?

யூடியூப்ல விளம்பர வருமானம் வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர், கடைசி 12 மாசத்துல 4,000 மணிநேரம் பார்வை (அல்லது 90 நாள்ல ஷார்ட்ஸ்ல 1 கோடி வியூஸ்) வேணும். சாதாரண வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் உங்களுக்கு.

உங்க கைக்கு 1,000 வியூஸுக்கு ₹20 வருதுன்னு வச்சுக்குவோம். 90,000 எடுக்க 45 லட்சம் வியூஸ் வேணும்.

இன்னொரு பக்கம், ஒரு கோவில் கொடையிலோ ஊர்த் திருவிழாவிலோ பாடி, கூட வந்தவங்களுக்கெல்லாம் கொடுத்தது போக ₹15,000 மிஞ்சுதுன்னா, 6 நிகழ்ச்சியில அதே 90,000 வந்துடும்.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம பக்கம் பங்குனி, சித்திரை, ஆடின்னு கொடைக்குக் குறைவே இல்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசு இருக்கு, குற்றாலம் சாரல் திருவிழா இருக்கு. ஆல்பம் உங்க விசிட்டிங் கார்டு, மேடை உங்க வருமானம், உரிமை உங்க குறவஞ்சிமேடு. மேடைக் காசு போட்டதை எடுக்கறதுக்கு. உரிமை பத்து வருஷம் கழிச்சு ஒரு படத்துலயோ விளம்பரத்துலயோ உங்க பாட்டைக் கேட்கும்போது பேசறதுக்கு.

பாட்டு எழுதறவங்களும் இசையமைக்கறவங்களும் ஐபிஆர்எஸ் அமைப்புல உறுப்பினர் ஆகறதைப் பத்தி யோசிங்க. 1969-ல இருந்து இருக்கிற அமைப்பு. உங்க பாட்டு ரேடியோ, ஹோட்டல், ஸ்ட்ரீமிங்னு எங்கே ஒலிச்சாலும் வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டியை வசூலிக்கறது அவங்க வேலை.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

இந்தப் பகுதியை மட்டுமாவது மெதுவா படிங்க.

2021 மார்ச்ல வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' ஞாபகம் இருக்கும். தேயிலைத் தோட்டத்துல உழைச்ச பாட்டியோட கதையிலிருந்து அறிவு எழுதி, தீ கூடச் சேர்ந்து பாடினது. உலகம் முழுக்க ஓடிச்சு. மூணு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்ல, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரலைன்னு சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவுல சொன்னார். யார் பக்கம் என்ன கணக்குன்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லை. ஆனா அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்தக் கேள்வி வரும்னா, முதல் ஆல்பம் போடறவர் எவ்வளவு கவனமா இருக்கணும்?

உங்க பாட்டை ஒரு சேனலோ லேபிளோ கேட்டா, மொத்தமா எழுதி வாங்கிக்க ஒரு தொகை சொல்வாங்க. 25,000 ரூபாய் கையில பார்த்ததும் சந்தோஷமாத்தான் இருக்கும். அப்போ இந்த அஞ்சையும் பாருங்க:

1. எழுத்துல இருக்கா? காப்புரிமையை மாத்திக் கொடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருந்தாதான் செல்லும். எந்தப் பாட்டு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்தப் பகுதி, ராயல்டி எவ்வளவு, எல்லாம் அதுல இருக்கணும்.
2. எத்தனை வருஷம்? குறிப்பிடலைன்னா சட்டம் 5 வருஷம்னு எடுத்துக்கும். "என்றென்றைக்கும்"னு எழுதியிருந்தா அங்கே நிறுத்திப் பேசுங்க.
3. எங்கே? குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். "உலகம் முழுக்க"ன்னு இருந்தா அதுக்குத் தனி விலை இருக்கணும்.
4. பயன்படுத்தாம வச்சிருந்தா? வாங்கினவர் ஒரு வருஷத்துக்குள்ள அந்த உரிமையைப் பயன்படுத்தலைன்னா அது முடிஞ்சுபோச்சுன்னு சட்டம் சொல்லுது, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா. அந்த "வேற மாதிரி" வரியைத்தான் தேடிப் பார்க்கணும்.
5. ராயல்டியை விட்டுத் தர்றேன்னு இருக்கா? 2012-ல சட்டத்தைத் திருத்தினாங்க. ஒலிப்பதிவுல சேர்ந்த வரிக்கும் மெட்டுக்கும் சேர வேண்டிய சரிபாதி ராயல்டி உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதி வாங்கினாலும் அந்தப் பகுதி செல்லாது.

காப்புரிமையைப் பதிவு பண்ணினாதான் உரிமைன்னு கிடையாது, படைச்ச நிமிஷமே உங்களுது. ஆனா பின்னாடி சண்டை வந்தா பதிவு நல்ல ஆதாரம். வரிக்கோ மெட்டுக்கோ அரசுக் கட்டணம் ₹500, ஒலிப்பதிவுக்கு ₹2,000. ஐநூறு ரூபாய் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆபீஸ் என்ன சொல்லும்?

வேலையோட பகுதியா நீங்க உருவாக்கறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். இது சட்டம். வீட்டுல, சொந்த நேரத்துல, சொந்தக் கருவியில பண்றது அதுல வராது. இருந்தாலும் உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ரெண்டு வரி தேடுங்க: வேற வருமானம் பார்க்கக் கூடாதுங்கிற வரி, நீங்க உருவாக்கற எல்லாமே கம்பெனிக்குங்கிற வரி. இருந்தா ஹெச்.ஆருக்கு மெயில் போட்டு, எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. ஆபீஸ் லேப்டாப்புல ரெக்கார்டிங் வேண்டவே வேண்டாம். அரசு ஊழியரா இருந்தா நடத்தை விதிகளைப் பார்த்துட்டு முதல்லயே அனுமதி கேளுங்க.

வரி: பயப்பட ஒண்ணும் இல்லை, ஒளிக்கவும் வேண்டாம்

இது 2025-26 நிதியாண்டுக்கு. 2026 ஏப்ரல் 1-லிருந்து புது வருமான வரிச் சட்டம் வர்றதால பிரிவு எண்ணும் படிவமும் மாறும்.

- டிடிஎஸ்: ஒரு நிறுவனம் உங்களுக்கு வருஷத்துக்கு ₹50,000-க்கு மேல ராயல்டி கொடுத்தா 10 சதவீதம் பிடிப்பாங்க. அது போன காசு இல்லை. நம்ம உதாரண நண்பர் மாதிரி வருஷச் சம்பளம் ₹4.2 லட்சம்னா, புது முறையில அவருக்கு வரியே வராது. ரிட்டர்ன் போட்டா டிடிஎஸ் திரும்ப வரும். போடலைன்னா வராது.
- எந்த ஐடிஆர்? தொடர்ந்து பாடிச் சம்பாதிக்கிறீங்கன்னா அது தொழில் வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. செலவுக் கணக்கோட போடறவங்களுக்கு ஐடிஆர்-3.
- செலவைக் கழிக்கலாம்: மேளக்காரருக்குக் கொடுத்தது, மிக்ஸிங், வண்டி வாடகை, எல்லாத்துக்கும் பில்லோ யுபிஐ பதிவோ வச்சுக்கோங்க. மைக் மாதிரி கருவியை ஒரே வருஷத்துல கழிக்க முடியாது. வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், கம்ப்யூட்டருக்கு 40. வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதி.
- பழைய முறையா, புது முறையா? இதுதான் சம்பளக்காரர்கள் கவனிக்காத இடம். சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றது ஒரே ஒரு தடவைதான். ஹோம் லோன் இருக்கிறவங்க இதை யோசிச்சு முடிவு எடுங்க.
- அட்வான்ஸ் டாக்ஸ்: டிடிஎஸ் போக கட்ட வேண்டியது ₹10,000-ஐத் தொட்டா, தவணையா முன்கூட்டியே கட்டணும்.
- ஜிஎஸ்டி: வருஷ வரவு ₹20 லட்சம் தாண்டற வரைக்கும் பொதுவா பதிவு வேண்டாம். இன்னொரு நல்ல செய்தி: நாட்டுப்புற, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்குக் கட்டணம் ₹1.5 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி விலக்கு. காவடிச்சிந்துக் கச்சேரிக்கு இது உண்டு. சினிமாப் பாட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இது பொருந்தாது.
- யூடியூப் வரித் தகவல்: ஆட்சென்ஸ்ல அமெரிக்க வரிப் படிவத்தைப் பான் எண்ணோட நிரப்புங்க. நிரப்பலைன்னா மொத்த வருமானத்துலயும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினா, அமெரிக்காவுல பார்த்தவங்க மூலமா வந்த பங்குல மட்டும் 15 சதவீதம்.

இந்த வாரக் கடைசியில என்ன செய்யணும்?

பாட்டுக்குன்னு ஒரு தனி சேவிங்ஸ் அக்கவுண்ட் திறங்க. வர்றதும் போறதும் அது வழியாவே நடக்கட்டும். ஒரு எக்ஸெல் ஷீட்டுல உங்க பாட்டுகளை வரிசையா எழுதி, எதிர்ல நாலு கட்டம் போடுங்க: வரி யாருது, மெட்டு யாருது, ஒலிப்பதிவு யாருது, யார் யார் வாசிச்சாங்க. நண்பர்கள் சேர்ந்து பண்ணியிருந்தா சதவீதத்தை இப்பவே பேசி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுடுங்க. பாட்டு ஓடாதப்ப இந்தப் பேச்சு அஞ்சு நிமிஷம். ஓடினதுக்கு அப்புறம் அஞ்சு வருஷம், வக்கீல் ஃபீஸோட.

அந்த அக்கவுண்ட்டுக்கு நாமினி போட மறக்காதீங்க. வாழ்நாளுக்கு அப்புறமும் 60 வருஷம் ஓடற சொத்துக்கு, யாருக்குப் போகணும்னு ஒரு சின்ன உயிலும் எழுதி வைக்கலாம். இருபத்தாறு வயசுல உயிலான்னு சிரிக்காதீங்க. சென்னிகுளத்துக்காரருக்கும் அதே வயசுதான்.

ஒப்பந்தத்துல எந்தெந்த வரிகளை எப்படிப் படிக்கணும்னு ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வச்சு அடுத்த வீடியோவுல காட்டறேன். கையில ஒப்பந்தம் வந்திருக்கிறவங்க அதுவரைக்கும் கையெழுத்து போடாம வச்சிருங்க.

(இது பொதுவான தகவல்தான். உங்க வருமானம், உங்க ஒப்பந்தத்துக்கு ஏத்த முடிவை உங்க ஆடிட்டர், வக்கீல்கிட்ட கேட்டு எடுங்க.)